நாற்பது படங்களும் ஒரு கடிதமும்

நாற்பதாவது படத்தையும் மாட்டி, மட்டம் பார்த்துவிட்டு, சிறி ஏணியிலிருந்து இறங்கினான். கிரான்பர்ன் மண்டபத்தின் நாலு சுவரிலும் நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்கா. அப்பலாச்சியா மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்கள், ஆற்றங்கரை ஊர்கள். முகமெல்லாம் கரியோடு வீடு திரும்பும் ஆண்கள், வெள்ளத்தில் கூரைமேல் குந்தியிருக்கும் குடும்பம், படகுக்குக் காத்துநிற்கும் சனம். ஓய்வுபெற்ற எஞ்சினியர் மகாதேவன் அங்கிள் தேடித்தேடிச் சேர்த்த படங்கள். மாட்டித் தரத்தான் அவருக்கு இனாமாக ஒரு ஆள் தேவைப்பட்டது.

சிறியும் சும்மா வரவில்லை. அகதியாக இந்த நாட்டுக்குப் படகில் வந்து பதின்மூன்று வருசம், இன்னும் தற்காலிக விசா. 'இவரை எனக்குத் தெரியும், நல்லவர்' என்று ஒரு பெரிய மனுசர் எழுதிய கடிதம் நாளைக்கு லோயரின் கையில் இருக்கவேண்டும். டொக்டர், எஞ்சினியர் என்று வாசல் வாசலாக ஏறினால்தான் எங்கள் சனத்துக்கு அந்தக் கடிதம் கிடைக்கும். ஆறு வருசமாக அங்கிளின் வேலியடித்து, கூரைப் பீலி துடைத்து, பெயின்ற் பூசியவன் ஏழு தரம் கேட்டுவிட்டான். "ஓம் ஓம், பாப்பம்" என்பதோடு சரி.

கண்காட்சிக்குச் சனம் கூடி, குத்துவிளக்கு ஏற்றியதும் அங்கிள் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுவாரா?

"உழைக்கிற மனுசரைக் கண்டா எனக்கு நெஞ்சு உருகும்" என்று கண்ணைத் துடைத்தார். சனம் கை தட்டியது. அட, உருகி ஓடட்டும்!

பட்டுச்சேலைகள் ஒரு படத்தின் முன்னால் நின்று "என்ன வடிவு!" என்று உச்சுக்கொட்டின. கொடியில் சட்டை காயப்போடும் ஒரு பெண். அவள் முகத்தில் வடிவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. தோய்த்த சட்டையில் திரும்பவும் கரித்தூள் படிகிறது, அதற்குள் எவனோ ஒருத்தன் கமராவோடு வந்து நிற்கிறான் என்ற எரிச்சல்தான். சிறிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கூட்டம் வடைப்பக்கம் நகர, சிறி அங்கிளைப் பிடித்தான்.

"அங்கிள், கடிதம்."

"கொண்டு வந்தனான், தம்பி." கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தார். கீழே கையெழுத்துக்கூட இருந்தது. மேலே, பெயர் வரவேண்டிய இடத்தில் 'சிறி', அதற்குப் பிறகு நீளமாக ஒரு வெற்றிடம்.

"உம்மட முழுப்பேர் என்ன? சிறிதரனோ, சிறிகாந்தனோ?"

ஆறு வருசம்! நாய்க்குட்டிக்குக்கூட இந்த மனுசன் மூன்று பெயர் வைத்திருக்கிறார்.

"சிறிபாஸ்கரன்."

அங்கிள் பேனையைத் திறந்து தாளை மேசையில் வைக்க, அங்கிளின் மனைவி வைதேகி அன்ரி கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, குறூப் போட்டோ!"

"ஒரு நிமிசம், தம்பி." தாளை அப்படியே விட்டுவிட்டு, பேனையோடு போய் நடுவில் நின்றுகொண்டார்.

கமராக்காரப் பெடியன் சிறியைப் பார்த்தான். "அண்ணை, ஃபிரேமுக்குள்ள நிக்கிறீங்கள். கொஞ்சம் விலகுங்கோ."

சிறி தாளை எடுத்துக்கொண்டு நேரே வரிசைக்கு நடந்தான். அங்கிளின் நெஞ்சில், கோட்டின் மேலேயே அதை விரித்துப் பிடித்தான்.

"எழுதுங்கோ. பிறகு எடுக்கலாம்."

இருபது பேரும் பல்லைக் காட்டியபடியே நின்றார்கள். திறந்த பேனையை மூட, மூடியைத் தேடி அங்கிளின் விரல்கள் கோட்டுப் பையைத் தடவின.