இடது பக்கம் இன்னொரு தடவை

...அப்படியானால் ஏன் மறுபடியும் இடது பக்கமே வருகிறாள் இந்த ஸ்கேன் பெண், வலது கழுத்தைப் பார்த்தபோது வாய் ஓயாமல் பேசினாள், மூளைக்குப் போற ரத்தக்குழாய் இதுதாம்மா, அடைப்பு இருந்தா முன்னாடியே தெரிஞ்சிடும், பக்கவாதம் வராம பாத்துக்கலாம் என்றெல்லாம், இப்போது மூச்சே காணோம், சுவரைப் பாத்துத் திரும்புங்க என்றதோடு சரி, குளிர்ந்த ஜெல்லை மறுபடி பிதுக்குகிறாள், கருவி தாடைக்குக் கீழே நிற்கிறது, நகர்கிறது, அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது... உஷ் உஷ்ஷென்று என் ரத்தம் இரைகிறது, வலது பக்கமும் இப்படித்தான் இரைந்ததா, அப்போது நான் எங்கே கேட்டேன், அவரைப் பற்றியல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். வந்ததே என் வீட்டுக்காரருக்காகத்தான். சிகரெட், ரத்தக்கொதிப்பு, போதாததற்கு அவர் அண்ணன் வாய் கோணிப் படுத்த படுக்கையானவர், ஆனாலும் கசாப்புக்கடை வாசலில் ஆடு மாதிரி முரண்டு, முதல்ல நீ கழுத்தை நீட்டு, உயிரோட வந்தா நான் போறேன் என்று காத்திருந்தவர்கள் எல்லாம் சிரிக்கும்படி சொன்னார், நானும் நீட்டினேன், பிள்ளைக்கு மருந்து புகட்டுமுன் தாய் ஒரு சொட்டு நக்கிக் காட்டுவதில்லையா, அந்த மாதிரி.

எப்பவாவது கை மரத்துப்போச்சா, கண்ணு இருட்டிச்சா, பேச்சு தடுமாறிச்சா என்று முதலில் கேட்டாளே, இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன், அவரைப் பற்றிக் கேட்டிருந்தால் எந்தக் கையால் பொத்தான் போடத் திணறினார் என்பதுவரை சொல்லியிருப்பேன். எனக்கு? அன்றைக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்து கத்தரிக்கோல் என்ற வார்த்தை வராமல், அந்த... வெட்டுறது, வெட்டுறது எடு என்று தவித்தேன், அம்மாவுக்கு டிக்‌ஷனரி தொலைஞ்சுபோச்சு என்று மகள் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன், அது வயசா, தூக்கக் கலக்கமா, இல்லை... இப்போது சொல்லலாமா? என்னம்மா தெரியுது என்று மட்டும் கேட்டேன். டாக்டர் சொல்வாரும்மா, எழுந்திரிங்க என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே அவர். என்ன, தலை இருக்கா? வலிக்கவே இல்லீங்க, அடுத்து நீங்கதான் என்று சிரித்தேன், நன்றாகவே சிரித்திருப்பேன்போல, நம்பிவிட்டார், காதுக்குக் கீழே இன்னும் பிசுபிசுன்னு இருக்கு பாரு என்று கைக்குட்டையால் துடைக்க வந்தார்... மெதுவா, என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கை அப்படியே நின்றது. அவருக்கு ஒன்று என்றால் யாருக்குப் போன் போடுவது, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்று என்றால் இந்த மனுஷன் என்ன செய்வார் என்று ஒரு நாளாவது... உள்ளேயிருந்து அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் என் முகத்தையே பார்க்கிறார், போகவில்லை.