ஒன்பது நாள் பேட்டரி

பொத்தானை அழுத்தியதும் வண்டி "க்ரக்" என்றது. இன்னொரு தரம் அழுத்தினாள். இந்தத் தடவை அதுகூட இல்லை. இருமலை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொள்கிற ஆள் மாதிரி உள்ளுக்குள் ஏதோ செய்துவிட்டு அடங்கிவிட்டது. காலை ஐந்தே முக்கால். பின் சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியாகிவிட்டது, தலைக்கவசம் மாட்டியாகிவிட்டது, கையுறைகூடப் போட்டாகிவிட்டது. வண்டி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

"சோக் போட்டியா?" வாசற்படியிலிருந்து கணவன் கேட்டான்.

"போட்டேன்."

"நியூட்ரல்ல இருக்கா?"

"இருக்குங்க."

"கிளட்ச்ச நல்லாப் புடிச்சுக்கிட்டு..."

"லைட்டே எரியலங்க. கிளட்ச்ச புடிச்சா என்ன, கால புடிச்சா என்ன?"

அந்த வண்டிக்கு உதைக்கிற கம்பி கிடையாது. இனிமேல் யார் உதைக்கப் போகிறார்கள், எல்லாம் பொத்தான்தான் என்று வாங்கும்போது பெருமையடித்துக்கொண்டவன் அவன்தான். பேட்டரி இருக்கிறவரை அது வண்டி. இல்லாவிட்டால் நூற்று முப்பது கிலோ இரும்பு.

அவர்கள் பிழைப்பே அந்த இரும்பின் மேல்தான் நின்றது. ஊரில் பதினான்கு சின்ன ஆஸ்பத்திரிகளில் காலையில் எடுக்கிற ரத்தக் குழாய்களை வாங்கி, ஒன்பது மணிக்குள் பெரிய பரிசோதனைக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எட்டு வருஷமாக அவன் பார்த்த வேலை. நாலு மாதத்துக்கு முன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவன், வலிப்பு வந்து அங்கேயே விழுந்தான். வண்டி மேல் இருக்கும்போது வரவில்லையே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, மனசு நோக எதுவும் பேசாதீங்க" என்றார். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான், கல்யாணமானவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவன் வருகிறவரைக்கும் அந்த வேலையை அவளே பார்க்கலாம் என்று பரிசோதனைக்கூட மேலாளர் ஒத்துக்கொண்டார். "ஆறு மாசம் கழிச்சு அவரு ரூட்டு அவருக்கே. ஆனா ஒரே மாசத்துல மூணு தடவ லேட்டானா வேற ஆளுக்குப் போயிடும்மா. அப்புறம் என் கையில இல்ல" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. நேரம் கடந்தால் ரத்தம் கெட்டுவிடும். வெறும் வயிற்றோடு வந்து குத்திக்கொண்டு போன கிழவரை மறுபடி கூப்பிட்டுக் குத்த வேண்டும்.

அன்றைக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து தள்ளிவிட்டு, வண்டி கிளம்பி, அவள் போய்ச் சேரும்போது ஒன்பது இருபது. தாமதம் ஒன்று.

சாயங்காலமே புதுப் பேட்டரி வாங்கி வந்தாள். கடைக்காரர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். கணவன் கேட்கவில்லை.

"வண்டி ஓட்டக்கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஸ்பேனர் புடிக்கக்கூடாதுன்னு சொல்லல."

சீட்டைக் கழற்றினான். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழைய பேட்டரியை எடுத்தான். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீரும் பழைய பல் பிரஷும் கேட்டான். ஒயர் நுனிகளைத் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தான். புதியதை வைத்து முதலில் பிளஸ் ஒயரை முடுக்கினான். மைனஸுக்குப் போகும்போது போல்ட்டுக்குப் பின்னால் நிற்கிற குட்டி நட்டு, அந்தச் சதுர நட்டு, விரலிலிருந்து நழுவி "டிங்" என்று வண்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அந்த வீட்டில் வேறு எதுவும் நடக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வண்டியை இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். "ஆட்டு, ஆட்டு" என்றான். ஆட்டினாள். "இவ்வளவு ஆட்டாத!" என்றான். கடைசியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஸ்ட்ராபெர்ரி பொம்மைக் காந்தத்தை நூலில் கட்டி உள்ளே இறக்கி, மீன் பிடிக்கிறவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நட்டு ஒட்டிக்கொண்டு மேலே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதமாக அந்த முகம் எங்கே போயிருந்ததோ! அவள் கோபத்தைக் கையிலிருந்த எண்ணெய்த் துணியோடு மடித்து வைத்தாள். மறுபடி உப்புப் பூக்காமலிருக்க முனைகள் மேல் வாஸ்லின் தடவி, சீட்டை மாட்டினான். பொத்தானை அழுத்தியதும் வண்டி சிங்கம் மாதிரி உறுமியது.

சரியாக ஒன்பது நாள். பத்தாவது நாள் காலை "க்ரக்".

அவள் டயரை ஓர் உதை விட்டாள். வலித்தது அவளுக்குத்தான். தாமதம் இரண்டு. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பேட்டரியைக் கையோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்துப் பார்த்தார்.

"பன்னெண்டரை வோல்ட் இருக்கணும்க்கா. பதினொண்ணுகூட இல்ல."

"புதுசுன்னுதானே குடுத்தீங்க?"

"புதுசுதான். சார்ஜ் போட்டு வெக்கறேன். நாளைக்கு வண்டியோட வாங்க."

மறுநாள் வேலையைப் பக்கத்து ரூட் ஆள் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தான். வண்டியை முக்கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் திருகி மறுபடி ஊசி வைத்தார்.

"பதினாலு ஏறுது. சார்ஜிங் நல்லா இருக்கு. கரண்ட் எங்கயும் கசியல. வண்டியும் நல்லா இருக்கு, பேட்டரியும் நல்லா இருக்கு."

"அப்ப யாருதான் கெட்டவங்க?"

அவர் சிரிக்கவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கும்க்கா? இந்த மாடல்ல சாவியத் திருப்பினாலே ஹெட்லைட் எரிய ஆரம்பிச்சிடும். எஞ்சின் ஓடாம தினமும் முக்கா மணி, ஒரு மணி எரிஞ்சா போதும். நீங்க காலையில ஓட்டறதுல பாதிதான் திரும்ப ஏறும். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும்."

"வந்ததும் ஆணியில மாட்டிடுவேன், மத்தியானம் படுத்துடுவேன். எங்க வீட்ல எங்க ரெண்டு பேர விட்டா பல்லிதான் இருக்கு."

"அப்ப பல்லியக் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பழைய சரக்க உன் தலையில கட்டிட்டு, சாவி கீவின்னு கதை விடறான். எட்டு வருஷம் ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றான். குரல் ஏற ஏற அவளுக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. "சரிங்க, சரி, விடுங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். தான் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. அன்றிலிருந்து அவள் வந்து நிறுத்தியதும் அவனே முனைகளைத் துடைப்பான், ஒயரை ஆட்டிப் பார்ப்பான், வாஸ்லின் தடவுவான். பச்சைக் குழந்தைக்குக்கூட அவ்வளவு தடவமாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அன்று ரத்தம் எடுக்கிற வேலை கிடையாது. மத்தியானம் படுத்தாள். பாதித் தூக்கத்தில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வேர்த்து விழித்தவளுக்கு, விசிறிச் சத்தம் இல்லாத வீட்டில் வேறொரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக், டிக். மாடிப்படிக்குக் கீழேயிருந்து வந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் மேல் கணவன் உட்கார்ந்திருந்தான், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு. எதிர்ச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக விழுந்திருந்தது. இடது இன்டிகேட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. அவன் உடம்பை லேசாக இடது பக்கம் சாய்த்தான். காலால் கியரை ஒன்று குறைத்தான். "பல் ஆஸ்பத்திரி முடிஞ்சுது... மருந்துக் கடை... இப்ப வலது" என்று முணுமுணுத்துவிட்டு, கட்டைவிரலால் அந்தப் பக்கத்து இன்டிகேட்டரைப் போட்டான்.

"என்னங்க பண்றீங்க?"

அவன் துள்ளினான். அவசரமாகச் சாவியைத் திருப்பினான். சுவரில் வெளிச்சம் போயிற்று.

"பேட்டரி செக் பண்றேன்."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

அவன் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அதன் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"எட்டாவது எடம் வர மாட்டேங்குது" என்றான்.

"என்ன வரல?"

"குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு அப்புறம் எங்க போறதுன்னு வரல. இந்த மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து அப்படித்தான். எட்டு வருஷமா கண்ண மூடிக்கிட்டுப் போன வழி. தினம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தா மனசுல நிக்கும்னு..."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா. நீ தூங்கறப்ப. ஒரு ரவுண்டுக்கு முக்கா மணிதான் ஆகும்."

"சாவி போடாம ஓட்ட வேண்டியதுதானே?"

அவன் உண்மையாகவே புரியாமல் பார்த்தான். "சாவி போடாம எப்படி ஓட்டறது?"

அவளுக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மருந்துக் கடை, வலது, இடது என்று இரண்டு பேட்டரியைக் குடித்துவிட்டு, பழியைக் கடைக்காரர் மேல் போட்டிருக்கிறார் மனுஷன். மனசு நோகப் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். பல் கேட்டது, வாய் கேட்கவில்லை.

"இன்னும் ஒரு தடவ லேட்டானா ரூட்டே இல்லங்க. இல்லாத ரூட்ட மனப்பாடம் பண்ணி என்ன பண்ணப் போறீங்க?"

அவள் எட்டிச் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். "க்ரக்."

கடைக்கு விடுமுறை. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமைதான் குழாய்கள் அதிகம் சேரும் நாள். பக்கத்து ரூட் ஆளும் ஊரில் இல்லை.

"ராத்திரி சும்மா நின்னா கொஞ்சம் ஏறும்" என்றான் மெதுவாக.

"அது என்ன மனுஷனா, தூங்கி எழுந்தா தெம்பு வர?"

வரவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே தையல்காரரை எழுப்பினார்கள். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு வந்தார். அவள் மேலே உட்கார்ந்தாள். கணவனும் தையல்காரரும் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"ரெண்டாவது கியர்! சாவி ஆன்ல இருக்கா? இப்ப விடு! கிளட்ச்ச விடு!"

விட்டாள். வண்டி முக்கிவிட்டு நின்றது.

"அப்படி மொத்தமா விடாத!"

"விடுன்னுதானே சொன்னீங்க!"

"விடுன்னா விட்டுடறதா?"

"புருஷன் பொண்டாட்டி சண்டைய ஓரமா நின்னு போடுங்க. எனக்கு முட்டி போகுது" என்றார் தையல்காரர்.

இரண்டாம் தடவையும் இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சரிவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து மூன்றாம் தடவை ஓடினார்கள். பட், பட் என்று இரண்டு வெடி வெடித்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. "ஆக்சிலேட்டர விடாத! எங்கயும் ஆஃப் பண்ணாத!" என்று பின்னாலிருந்து கத்தினான். கண்ணாடியில் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நடுத்தெருவில் குனிந்து, முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

பதினான்கு இடத்திலும் எஞ்சினை அணைக்காமல், வண்டியைக் காவலாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே ஓடினாள். "பெட்ரோல் வீணாகுதேம்மா" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். நன்றி சொல்ல நேரமில்லை. பரிசோதனைக்கூடத்தில் பெட்டியை மேசை மேல் வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தாறு.

மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "என்னம்மா, வண்டிய ஆஃப் பண்ணாம வந்துட்டீங்க?"

"ஆஃப் பண்ணா நாளைக்குத்தான் சார் கிளம்பும்."

திரும்பும் வழியில் பேட்டரியைக் கடையில் சார்ஜ் போட்டு, காத்திருந்து மாட்டிக்கொண்டாள். "பல்லி கெடச்சுதா?" என்றார் கடைக்காரர். "கெடச்சுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியவள் உள்ளே போகாமல் சீட்டைக் கழற்றினாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மைனஸ் ஒயரை அவிழ்த்து, நுனியில் துணியைச் சுற்றி ஓரமாக மடக்கி வைத்தாள். போல்ட்டையும் நட்டையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கணவன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனமுமா?" என்றான்.

"தெனமும். காலையில பத்து நிமிஷம் முன்னாடி எழுந்து நானே மாட்டிக்கறேன். வேற என்ன பண்றது? இந்த மறதிய அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நீங்களே சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்வேன்."

"சொல்றேன். ஆனா ஒயர அவுத்தா, வண்டியில இருக்கற கடிகாரம் தெனமும் பன்னெண்டுல போய் நிக்கும்."

"நிக்கட்டும். சும்மா உக்காந்து ஓட்டுங்க. எத்தன ரவுண்டு வேணும்னாலும் போங்க."

போய்ப் படுத்தாள். கண்ணை மூடி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. டிக், டிக், டிக். ஸ்பேனரோடு எழுந்து ஓடினாள். சுவரில் வெளிச்சம் இல்லை. விளக்கு எதுவும் எரியவில்லை. இருட்டு வண்டியில் உட்கார்ந்து அவன் நாக்கால் டிக் போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து மறுபடி படுத்தாள். சத்தம் தொடர்ந்தது. டிக், டிக். பல் ஆஸ்பத்திரி. மருந்துக் கடை. டிக், டிக். குழந்தைங்க ஆஸ்பத்திரி. அங்கே சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். அந்த நிசப்தம் தலையணைக்குள்ளும் கேட்டது.

"பாலத்துக்குக் கீழ, எலும்பு டாக்டர்!" என்று படுத்தபடியே கத்தினாள்.

"தெரியும். சொல்லாத!"

"தெரிஞ்சவரு ஏன் நின்னீங்க?"

"சிக்னல்ல நிக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் டிக் மறுபடி ஆரம்பித்தது.

"எந்தப் பக்கம் போடறீங்க?"

"இடது."

"அங்க இடது பக்கம் போக முடியாது. ரெண்டு மாசமா ஒருவழி. சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

அவன் நாக்கு நின்றுவிட்டது. "இத ஏன் எனக்கு யாருமே சொல்லல?"

அவள் எழுந்தாள். இனிமேல் தூக்கம் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. தலையணையையும் இழுத்துக்கொண்டு போய் மாடிப்படியில், வண்டிக்கு எதிரே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"முதல்ல இருந்து வாங்க" என்றாள்.

"வீட்ல இருந்தா?"

"வீட்ல இருந்துதான். ம், கிளம்புங்க. லேட்டாச்சு."