மாடி அறைத் தரையில் பச்சை

1

இந்தக் கதை எனக்குப் பெயின்ட் கடையில் கிடைத்தது. ஆணி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கடைக்காரரிடம் கேட்டார்:

"தரையில கொட்டின பெயின்ட். ரொம்பப் பழசு. போகுமா?"

"என்ன பெயின்ட்டும்மா?"

"பச்சை."

"கலர் கேக்கல. தண்ணி பெயின்ட்டா, எண்ணெய் பெயின்ட்டா?"

"தண்ணி ஊத்தித்தான் துடைச்சோம். இன்னும் பரவிடுச்சு."

"அப்ப சந்தேகமே இல்ல, எண்ணெய்தான்." கடைக்காரர் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் பாட்டில் ஒன்றையும் சுரண்டும் தகடு ஒன்றையும் எடுத்து வைத்தார். "கைக்கு உறை போட்டுக்குங்க. எரியும்."

"ரெண்டு ஜோடி குடுங்க."

"கூட யாரு வராங்க?"

"வந்தா வருவா" என்றார் அந்த அம்மாள்.

அந்த 'வந்தா வருவா'வைத்தான் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆணி வாங்க மறந்துபோயிற்று. இனிமேல் வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மனித மனதிலும் சில கறைகள்...'

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

'வந்தா வருவா' யார்? முதலில் மகள் என்று வைத்தேன். மகள் என்றால் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள், கதை அதோடு முடிந்துவிடும். அதை அடித்துவிட்டு 'நாத்தனார்' என்று எழுதினேன். பேனா தானாக ஓட ஆரம்பித்தது.

ஆகவே, கடையில் நின்றவர் அண்ணி. வர வேண்டியவள் அவருடைய கணவரின் தங்கை. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. அவள் குரலைக் கேட்டால் டிக்கெட் வைத்திருப்பவன்கூடப் பையைத் துழாவுவான். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் 'குட்டி'தான்.

3

குட்டியின் பெற்றோர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பெண். வந்தவளோடு பேசுவதில்லை என்று முடிவு கட்டினாள். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான்.

"உன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கட்டும்?" என்று ஒருநாள் அண்ணி கேட்டாள்.

குட்டி ஜன்னல் வழியே எதிர்வீட்டு இரும்புக் கேட்டைக் காட்டினாள். கண்ணைக் குத்துகிற பச்சை. வேண்டுமென்றேதான் காட்டினாள்.

அண்ணியோ கர்மசிரத்தையாகப் போய் அதே கேட்டுக்கு அடித்த பெயின்ட்டையே வாங்கி வந்தாள். சுவருக்கு வேறு, இரும்புக்கு வேறு என்பதெல்லாம் அந்தப் புதுப்பெண்ணுக்குத் தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி அடிக்க ஆரம்பித்தாள். குட்டி வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது அண்ணியின் முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது. வெறுங்காலோடு பச்சைக் குளத்தின் நடுவே அவள் நின்றாள்.

"அண்ணி, நகராதீங்க! அப்படியே நில்லுங்க!"

குட்டி அவளை 'அண்ணி' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். எண்ணெய் பெயின்ட் அதன்மேல் மிதந்து கட்டிலுக்கு அடியில் போனது, வாசற்படிக்கு வந்தது. இருவரும் பழைய போர்வைகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து, குளத்தளவு இருந்ததை ஊர் அளவாக்கினார்கள். வேலை முடிந்து வந்த அண்ணன் வாசலில் நின்று, முகமெல்லாம் பச்சையாக இருந்த இருவரையும் பார்த்தார்.

"இதுல என் தங்கச்சி யாரு?"

அன்று அவர்கள் சிரித்த சிரிப்பை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் அது சிரிக்கவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

4

இப்போது அந்த மாடி வீட்டை விற்றாயிற்று. முன்பணம் வாங்கிய பிறகுதான் அண்ணன் தங்கைக்குப் போன் செய்தார். அதற்குப் பின் குட்டி போனை எடுக்கவில்லை. தன் சாமான்களை எடுக்க மட்டும் வருவதாகச் செய்தி அனுப்பினாள்.

வந்தாள். அவளுடைய பழைய அறையில் கட்டில் நகர்ந்த இடத்தில் பச்சை முழுசாகத் தெரிந்தது. அண்ணி குனிந்து உட்கார்ந்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் 'நகராதீங்க' என்ற பழைய வார்த்தையையே குட்டியின் வாயில் போட என் கை துறுதுறுத்தது. ஆனால் கோபத்தில் இருப்பவள் அத்தனை அழகாகப் பேச மாட்டாள்.)

"ஜன்னலையாவது திறக்கக் கூடாதா? இந்த நெடியில மயக்கம் போட்டு விழப்போறீங்க."

"கொக்கி துரு ஏறிக் கிடக்கு. நீயே திற."

குட்டி ஓங்கித் தட்டித் திறந்தாள். அண்ணி இன்னொரு ஜோடி கையுறையை நீட்டினாள்.

"நடுவுலேர்ந்து தேய்க்காதீங்க. ஓரத்துலேர்ந்து உள்ள வாங்க." குட்டி உறையை மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"நீ வேணாம்னா எனக்கு விக்க மனசு வராது." அண்ணி கையை நிறுத்தவில்லை. "மழையில உங்கண்ணன் படியில சறுக்கி விழுந்துட்டார். தூக்க முடியல என்னால. யாராவது வர்ற வரைக்கும் பக்கத்துலயே குடையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னார். உன் முன்னாடி விழுந்தவரா நிக்க அவருக்கு வெக்கம்."

"அதுக்காக என்னை..."

குட்டி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. கையுறையோடு கண்ணைத் துடைக்கப் போனவளை அண்ணி மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். "தின்னர்டி!" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கீழே ஆட்டோவில் காத்திருந்த அண்ணன் குரல் கொடுத்தார்: "தரையைச் சுரண்டறீங்களா, சுரங்கம் தோண்டறீங்களா?"

(முதல் வரைவில் இவர் இறந்துபோயிருந்தார். கதை ரொம்ப ஈரமாக இருக்கிறதே என்று உயிர்ப்பித்தேன். அன்றிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறார்.)

5

பெயின்ட் தோலாக உரிந்து வந்துவிட்டது. மொசைக்கின் நுண்ணிய துளைகளில் மட்டும் பாசி போலக் கொஞ்சம் பச்சை தங்கிவிட்டது. வாங்கியவர்கள் உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது.

தின்னர் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீர் விட்டு அலசினார்கள். வாசலிலிருந்து துடைத்துக்கொண்டே போனவர்கள் ஜன்னல் மூலையில் மாட்டிக்கொண்டார்கள். திரும்பி வர வழியில்லை. அறை முழுக்க வழுக்கல்.

"இந்த வயசுலயும் நமக்கு அறிவு வரல பாருங்க" என்றாள் குட்டி. இருவரும் ஜன்னல் திட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக் கேட் இப்போது சாம்பல் நிறத்தில் இருந்தது.

"நாங்க போற இடத்துல லிஃப்ட் இருக்கு. ஆனா வீடு சின்னது" என்றாள் அண்ணி. "வந்து தங்குவியா குட்டி?"

அதற்குக் குட்டி சொன்னதை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் "பாக்கலாம்" என்கிறாள். இன்னொன்றில் எந்த மாடி என்று கேட்கிறாள். இரண்டுமே பொய்யாகத் தோன்றுகிறது. உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்க நான் அந்த ஜன்னல் வரை போயாக வேண்டும். இப்போதுதான் துடைத்த தரை. என் கால் தடத்தைப் பதித்துவிட்டு வர மனசில்லை.

நீங்கள் போவதானால் போங்கள். காயும்வரை மட்டும் பொறுங்கள். செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.