வெள்ளக்கடையில் ஓடிய இரண்டாம் பாகம்

‘கிணற்றடி வீடு’ டிவி நாடகத்தில் எந்தப் பாகம் ஒசத்தி என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். முதல் பாகம்தான். சொர்ணத்தை அவள் கொழுந்தன்மார் கிணற்றில் தள்ளியதும், அவள் பேயாகத் திரும்பி வந்து, விளக்கு வைத்த பிறகு வாசல் வாசலாக நின்று “கைப்பிடி உப்பு இருக்குமா?” என்று கேட்டதும் இன்னும் கண்ணிலேயே இருக்கின்றன. மூன்றாம் பாகத்தில் அந்த நடிகையை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவளுக்குப் பேயாக நடக்கத் தெரியவில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடினாள். நான்காம் பாகத்தில் சொர்ணத்துக்குக் குழந்தை பிறந்தது. செத்தவளுக்கு எப்படிக் குழந்தை என்று கேட்டேன். “கலாவதி டீச்சருக்கு எல்லாத்துலயும் குத்தம்” என்றார்கள். வெள்ளக்கடை பால்வாடியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறவளுக்குக் குற்றம் கண்ணில் படாமல் வேறென்ன படும்?

ஆனால் என் தீர்ப்பு இந்த மலையில் செல்லாது. வெள்ளக்கடையில் குஞ்சு குளுவான்கூட இரண்டாம் பாகம்தான் முதல் என்று சொல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரண்டாம் பாகத்தை வெள்ளக்கடையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அது ஓடிய வருஷம் ஐப்பசி மழையில் மண் சரிந்து மின்கம்பங்களை வாரிக்கொண்டு போனது. பொங்கல் தாண்டியும் கரண்ட் வரவில்லை. எஸ்டேட் பங்களாவில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. அங்கே சமையல்கட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் மாதம்மாள். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் அவளோடு ஒட்ட மாட்டார்கள். இங்கே பேசுவதையெல்லாம் பங்களாவில் போய் வத்தி வைப்பாள் என்று ஒரு பேச்சு. வத்தி வைத்தாளோ இல்லையோ, அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்தால் எல்லோர் வாயும் மூடிக்கொள்ளும். புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் அவள் பாட்டுக்கு வருவாள், தண்ணீர் பிடிப்பாள், போவாள்.

அப்படிப்பட்டவளை ஒரு புதன்கிழமை காலையில் அருக்காணி வழிமறித்தாள். காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய் அருக்காணியுடையது.

“ஏனுங்க மாதம்மாக்கா, நேத்து நாடகத்துல சொர்ணம் என்ன ஆனா?”

மாதம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் சொன்னாள்.

கிணற்றைக் கல் போட்டு மூடிவிட்டதால் சொர்ணம் ஊற்றுக்கண் வழியாகப் புகுந்து போய் ஏற்காடு ஏரியில் எழுந்தாளாம். தண்ணீர் மலை ஏறுமா என்று கேட்டேன். “பேய்க்கு ஏதுங்க மேடு பள்ளம்?” என்று என் வாயை அடைத்துவிட்டாள். சொர்ணம் ஈரப் புடவையோடு ஒரு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு மேஸ்திரி இருந்தான். பழக்கூடையைத் தராசில் மாட்டும்போது அடியில் கால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து எடையைக் குறைத்துவிடுவான். ஒருநாள் சொர்ணம் கண்ணுக்குத் தெரியாமல் கூடைக்குள் குந்திக்கொண்டாள். கூடையின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அந்தக் கட்டைவிரலைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. “எத்தனை கிலோன்னு சரியாச் சொல்லு, விடறேன்” என்றாள்.

இதைக் கேட்டவர்களில் எங்கள் எஸ்டேட் மேஸ்திரி சின்னத்தம்பியும் ஒருவர். மறுநாள் முதல் அவர் தராசைவிட்டு எட்டியே நின்றார். அந்த சீசனில் பெண்களுக்குப் பறித்த பழத்துக்கு உள்ள எடை கிடைத்தது.

மெட்ராசில் எடுக்கிற நாடகத்துக்கு எங்கள் ஏரியும் எங்கள் தராசும் எப்படித் தெரிந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெருமை உள்ளே வந்தால் புத்தி வெளியே போய்விடுகிறது. மாதம்மாளுக்குக் குழாயடியில் முதல் குடம் என்று ஆயிற்று. பஸ்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைத்தார்கள். வெற்றிலை மடித்துக் கையில் கொடுத்தார்கள். கரண்ட் வந்த பிறகும், நாடகம் நாலு பாகம் ஓடி முடிந்த பிறகும், அந்த இடம் அவளுக்கு அப்படியே இருந்தது.

இதில் மண்ணைப் போட வந்தவர் பெரியண்ணன். அடிவாரத்திலிருந்து பலாப்பழம் ஏற்ற லாரி ஓட்டிக்கொண்டு வருகிறவர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் மீசை முதலில் திரும்பும், லாரி பின்னால் திரும்பும். அடிவாரத்தில் அந்த வருஷமும் கரண்ட் இருந்தது, அவர் நாடகத்தை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவர்.

“ரெண்டாம் பாகத்துல என்னங்க இருக்குது? சொர்ணம் கோர்ட்டுக்குப் போவா. வக்கீல் வாய்தா கேப்பாரு. அடுத்த வாரம் மறுக்காவும் வாய்தா. ஒரு நல்ல பேயக் கொண்டுபோயி கூண்டுல நிறுத்திச் சலிக்க வெச்சுட்டானுங்க” என்றார்.

அருக்காணி பலாப்பழத்தை லாரியில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “நாடகத்தப் பாத்துட்டே தூங்கிட்டு, கெனாவுல கோர்ட்டுக்குப் போயிருப்பீங்க.”

“கோர்ட்டு இல்லீன்னா என்ற மீசைய எடுத்துப்போடறனுங்க.”

“இருந்துதுன்னா இந்த சீசன் பூரா உங்க லாரிக்கு நானே சும்மா பழம் ஏத்தறனுங்க.”

கேபிள்காரன் மாரிசாமி அப்போதுதான் மலையில் பாதி வீடுகளுக்கு ஒயர் இழுத்திருந்தான். மீதிப் பாதியையும் பிடிக்க இதுதான் சமயம் என்று அவனுக்குத் தோன்றியது. சேலத்தில் ஒரு சிநேகிதன் நாலு பாகத்தையும் கேசட்டில் பிடித்து வைத்திருப்பதாகவும், மலை எதை முதல் என்று சொல்கிறதோ அதைப் போடுவதாகவும் அறிவித்தான். கடை வாசலில் நாலு பிஸ்கட் டின் வைத்தான். ஆளுக்கு ஒரு காப்பிக்கொட்டை போட வேண்டும். முதல் பாகத்து டின்னில் என்னுடையதும் இன்னும் சிலதும் கிடந்தன. இரண்டாம் பாகத்து டின் மூடி போட முடியாமல் வழிந்தது. வருகிற செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்கு, பால்வாடியில், பெரிய டிவியில், இரண்டாம் பாகம் என்று மாரிசாமி ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் மாதம்மாள் பால்வாடிக்கு வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

“டீச்சரம்மா, இன்னிக்கு அந்த டிவி ஓடாம ஆக்க முடியுங்களா?”

“ஏன்?”

“பங்களாவுல அம்மா நாடகம் பாக்கற நேரம் எனக்குச் சமையக்கட்டுல வேலைங்க. நடுக்கதவு சாத்தியிருக்கும். பாட்டு மட்டும் கேக்கும். நான் ரெண்டாம் பாகம் ஒரு நாளும் பாக்கலீங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கூடைக்குள் குந்தியிருந்த சொர்ணத்துக்காக நான் அழுதிருக்கிறேன். படித்த பொம்பளை ஒருத்தி, இல்லாத பேய்க்காக முந்தானையை நனைத்திருக்கிறேன். எல்லாப் பேயும் இல்லாத பேய்தானே என்று அப்புறம்தான் உறைத்தது, சிரிப்பும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அருக்காணி கேட்டா பாருங்க, என்னாச்சுன்னு. அத்தன வருசத்துல என்னைய நிறுத்தி ஒருத்தரு கேட்டது அதாங்க மொத. தெரியலீன்னு சொல்ல வாய் வரலீங்க. இன்னிக்குத் தெரிஞ்சுதுன்னா பழையபடி குழாயடில எல்லாரும் வாய மூடிக்குவாங்க. அத நெனச்சாத்தானுங்க நொம்ப பயமா இருக்குது.”

ஃபியூஸைப் பிடுங்கி ஒளித்துவிடலாம் என்றேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக் கூடாத யோசனைதான்.

“அடுத்த வாரம் போடுவாங்க. நீங்க எத்தன ஃபியூஸ் புடுங்குவீங்க?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் பால்வாடி கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியிலும் தலைகள். பெரியண்ணன் முன்வரிசையில் பிள்ளைகளின் பாயில் சம்மணம் போட்டு மீசையை நீவிக்கொண்டிருந்தார். சின்னத்தம்பி மேஸ்திரி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாதம்மாளுக்கு நடுவில் நல்ல இடமாகப் பார்த்து அருக்காணி துண்டு போட்டு வைத்திருந்தாள். மாதம்மாள் போய் அங்கேதான் உட்கார வேண்டியதாயிற்று.

பாட்டு முடிந்தது. திரையில் ஒரு கோர்ட். கறுப்பு அங்கி போட்ட வக்கீல் எழுந்து வாய்தா கேட்டார். சொர்ணம் கூண்டில் நின்று கொட்டாவியை அடக்கினாள். ஜட்ஜ் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். இன்னொரு வக்கீல் எழுந்தார்.

பெரியண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்க அருக்காணி, நாளைக்குப் பழம் ஏத்த வர்றீங்களா?”

அருக்காணி மாதம்மாளைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. யாருக்கும் வரவில்லை. எல்லோரும் மாரிசாமியைத்தான் பார்த்தார்கள்.

“ஏரி எங்க? எஸ்டேட்டு எங்க? கேசட்டுல வெட்டிட்டு எதையோ ஒட்டிக் கொண்டாந்திருக்கற” என்றாள் அருக்காணி.

“நான் வெட்டலீங்க, சத்தியமா வெட்டலீங்க” என்றான் மாரிசாமி.

“நாளைக்கே எல்லார் ஊட்டு ஒயரையும் புடுங்கிச் சுருட்டிட்டுப் போயிரு. ஏமாத்தறவன் இங்க வேண்டாம்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் எழுந்துவிட்டது. மாரிசாமியின் சட்டைக் காலரில் ஒரு கை விழுந்ததையும் பார்த்தேன்.

அப்போது நான் மாதம்மாளைப் பார்த்தேன். அவள் பேசாமல் இருந்தாலே போதும். பழி மாரிசாமியோடு மலை இறங்கிவிடும், இவளுக்குக் குழாயடியில் முதல் குடம் சாகும் வரை இருக்கும். பேசாமல் இரு என்று என் மனசு சொன்னதை மறைக்க மாட்டேன். அவள் எழுந்து நின்றாள்.

“அந்தப் பையன விட்டுருங்க. அவன் மேல தப்பு இல்லீங்க. நான் நாடகம் பாக்கவே இல்ல. நானாச் சொன்னதுங்க, அத்தனையும்.”

டிவியில் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். மாதம்மாள் துண்டிலிருந்து காலை எடுத்து வெளியே வைத்தாள். போவதற்கு வழி விட யாரும் நகரவில்லை. குழாயடியில் எப்படி வாயை மூடிக்கொள்வார்களோ அப்படியே நின்றார்கள்.

அருக்காணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “கூடைக்குள்ள குந்துனது?”

“நானாச் சொன்னதுங்க.”

“மொளகு பறிக்கறப்போ சொர்ணம் திரும்பி வருவான்னு சொல்லி முடிச்சீங்க. அதுக்குள்ள கரண்ட் வந்துருச்சு. வந்தாளா?”

மாதம்மாளுக்கு முதலில் புரியவில்லை. “யாரு?”

“சொர்ணந்தான். மேஸ்திரி கட்டவெரல எடுத்தாரே, அது நெசந்தானே. மீதியச் சொல்லாம எங்க போறீங்க? உக்காருங்க.” மாரிசாமி பக்கம் திரும்பினாள். “அந்த வக்கீல் தொண்டைய மூடு.”

மாரிசாமி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தான். படம் மட்டும் ஓடியது. மாதம்மாள் துண்டில் உட்கார்ந்தாள், கூட்டமும் உட்கார்ந்தது. தொண்டையைச் செருமினாள்.

“அங்க நிக்கறவங்க வக்கீலுங்க இல்லீங்க. மழைக்குக் கறுப்புக் கம்பளி போத்திக்கிட்டு வந்த மேஸ்திரிங்க. மேல உக்காந்து தட்டறாரே, அவரு எடக்கல்லு சரியான்னு தட்டிப் பாக்கறாரு. சொர்ணம் நிக்கறது கூண்டு இல்லீங்க, கூடை. இந்தத் தடவ கூடை பெருசு, எல்லா மேஸ்திரி காலும் எட்டும்.”

ஜட்ஜ் மறுபடி சுத்தியலைத் தட்டினார். எல்லாம் கட்டுக்கதை என்று தன் காதாலேயே கேட்டிருந்த சின்னத்தம்பி மேஸ்திரி, நீட்டியிருந்த காலை மெல்ல இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். பெரியண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை பலாப்பழ லாரி வந்து நின்றது. பேசியது பேசியதுதான் என்று அருக்காணி கூலி கேட்காமல் பழம் தூக்கத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். லாரியிலிருந்து இறங்கியவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு மொழுக்கென்று இருந்தது.

“ஏனுங்க டிரைவரே, நீங்கதான ஜெயிச்சீங்க? கோர்ட்டுதான இருந்துது?” என்றேன்.

பெரியண்ணன் வெற்று உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“நான் பாத்ததுல கோர்ட்டே இல்லீங்களே டீச்சர்” என்றார். “இன்னிக்கும் ஏழு மணிக்குத்தானுங்களா?”