கரும்பச்சைப் புல்

அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. எரிந்துபோன மோட்டாருக்கு யார் காரணம் என்பதில் வந்த சண்டை. ஒரே வீடு, ஒரே புல்வயல். எங்களுக்குள் பேச வேண்டியதை அண்ணி சுமந்தாள். அவன் சுவரைப் பார்த்துச் சொல்வான். அவள் என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா தம்பி, இல்ல தபால்ல போடணுமா?" என்பாள்.

தன் தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஒரு மாதம் ஊருக்குப் போனாள். அப்போதுதான் புல்லை அறுத்தோம். அறுத்ததும் யூரியா போட்டால்தான் மறுதழைவு நன்றாக வரும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் இரண்டு மூட்டை வீசித் தண்ணீர் பாய்ச்சினேன். குருணை கரைந்துவிட்டது. மாலையில் அண்ணன் கடையிலிருந்து நேராக வயலுக்கு இரண்டு மூட்டையோடு வந்திருக்கிறான். ஈரத்தைப் பார்த்து, நான் தண்ணீர் மட்டும் விட்டதாக நினைத்து, தன் மூட்டைகளையும் வீசியிருக்கிறான். கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

புல் கரும்பச்சையாகக் கிளம்பியது. "என்னப்பா, பெயின்ட் அடிச்சீங்களா?" என்றார் பக்கத்து வயல்காரர். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி ஒரு வாரம் வெயிலே இல்லை.

அண்ணி திரும்பி வந்த காலையில், பையைக்கூடப் பிரிக்காமல் ஒரு கட்டு அறுத்துவந்து தன் மாட்டுக்குப் போட்டாள். கன்றிலிருந்து அவள் வளர்த்தது. தலைச்சூல், நிறைமாதம்.

"நல்லா தின்னுடி. நீ கன்னு போட்டாவது இந்த ரெண்டு ஊமையும் வாயத் திறக்கட்டும்."

இரண்டு மணி நேரத்தில் மாடு தள்ளாடி விழுந்து மூச்சுக்குத் தவித்தது. மாட்டு டாக்டர் எடுத்த ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது. ஊசி போட்டார். அதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

"புல்லுல நைட்ரேட் ஏறியிருக்கு. உரம் அதிகம், வெயிலும் இல்ல. யூரியா போட்டது யாரு?"

"நான்" என்றேன். "நான்" என்றான் அண்ணன்.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?"

அண்ணி மாட்டின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "உள்ள இருக்கிறது?"

"அதுக்கும் இதே ரத்தம்தாம்மா."

டாக்டர் போனபின் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பினான். "குழி எங்க வெட்டணும்னு கேளு."

"நீங்களே கேளுங்க" என்று எழுந்து உள்ளே போனாள் அண்ணி.

அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். நான் புல்வயலைக் காட்டினேன்.