அம்மா பங்கு

குருவம்மாள் செத்த வீட்டில் எல்லோரும் போலீஸ் வேனுக்காகக் காத்திருந்தார்கள். புருஷனைக் கொன்ற மகன் கையால்தான் கொள்ளி வாங்குவேன் என்று அந்த அம்மாள் கடைசி மூச்சுவரை சாதித்தாள். மகள் ஸ்ரீதேவி தன் பிணத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மகள் செய்த குற்றம், கண்டதைக் கோர்ட்டில் சொன்னது.

குத்துக்கல்வலசை வயலை விற்றுப் பிளாட் போடவேண்டும் என்று தம்பி விஜய்பாண்டி ஒற்றைக்காலில் நின்றான். அப்பா குற்றாலிங்கம் மசியவில்லை. வரப்பில் வைத்து மண்வெட்டியால் அடித்துவிட்டான். சோறு கொண்டுபோன ஸ்ரீதேவி தூக்குவாளியோடு அதைப் பார்த்தாள்.

"போனவரு போயிட்டாரு, இருக்கவனையும் ஏன்ட்டி கொல்லுத?" என்று அம்மா அவள் காலைப் பிடித்தாள். ஸ்ரீதேவி கூண்டேறினாள். அவனுக்கு ஆயுள் தண்டனை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் அம்மா அவளோடு பேசவில்லை.

"அப்பா சொத்துல உங்க தம்பி ரைட்டை ஃபார்ஃபீட் பண்ணிட்டாரு, இழந்துட்டாரு டீச்சர்" என்றார் தென்காசி வக்கீல். "அப்பாவுக்கு முன்னாலயே அவரு செத்துட்டதா சட்டம் எடுத்துக்கிடும். வயலு உங்களுக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. அம்மா பங்கையும் உங்க பேருக்கு எழுதி வாங்கிருங்க."

ஸ்ரீதேவி ஆய்க்குடியில் ஆங்கில டீச்சர். வார்த்தையைக் கேட்டதும் பள்ளிக்கூடத்துத் தடித்த அகராதியைப் புரட்டினாள். ஃபார்ஃபீட் என்பதற்குப் பழைய பிரெஞ்சில் குற்றம் என்றே பொருளாம், எல்லைக்கு வெளியே போய்ச் செய்தது. குற்றத்தின் பெயரே நாளடைவில் அதனால் இழந்ததற்கும் பெயராகிவிட்டது. அடித்த அடியிலேயே இழப்பும் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி. அதற்குமேல் கொடூரமாக இன்னொரு வார்த்தையும் கண்ணில் பட்டது. அட்டெயிண்டர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அப்படித் தீர்ப்பானவனுக்கு நிலத்தோடு ரத்தமும் கெட்டதாகக் கணக்கு, அவன் யாருக்கும் வாரிசாக முடியாது. தம்பிக்கு இதுதான் சரி என்று அவள் மனசார நினைத்தாள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நிம்மதியாகவும் இருந்துவிட்டாள். பேசாத அம்மாவிடம் போய் எழுதிக்கொடு என்று கேட்க ரோஷம் விடவில்லை.

இன்று காலை பரோலுக்காக விசாரிக்க வந்த ஏட்டையா அவளிடம்தான் கேட்டார். "தம்பி வாரதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா டீச்சர்?"

ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். பெரியப்பா லிங்கேஸ்வரனைப் பார்த்தாள்.

"சட்டப்படி அவன் செத்தவன், பெரியப்பா. நானே கொள்ளி வைக்கேன்."

"சட்டம் வயலுக்குத்தான் ஏட்டி. கொள்ளிக்கு ஏது சட்டம்? ஆத்தா ஆசைப்பட்டுச் சொன்னத மறிச்சா அவ கட்ட வேகுமா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது செய்யாததைச் செத்த பிறகாவது செய்வோம் என்று தோன்றியது. ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மதியம் வேன் வந்தது. குற்றாலத்தில் சீசன், ஊரெல்லாம் சாரல். நீர்மாலைக்குச் சிற்றாற்றுக்குப் போனார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரை மகன்தான் குடத்தில் சுமந்து வரவேண்டும். குடத்துக்கு இரண்டு கையும் வேண்டுமே என்று விலங்கைக் கழற்றினார்கள். தலைக்குமேல் வேட்டி பிடிக்க, சங்கு ஊத, ஈரத்துண்டோடு அவன் வந்தபோது தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கொலைகாரப் பாவி என்று நேற்றுவரை ஏசிய வாய்கள் "ராசா, வந்துட்டியா" என்று அழுதன.

வாய்க்கரிசி போட அவள் கையில் அரிசி எடுத்தாள். பெரியப்பா மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம்னு அவ சொன்னது ஊருக்கே தெரியும்லா."

அரிசியை எங்கே போடுவதென்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பெண்கள் திரும்பவேண்டிய தெருமுக்கில் பாடை நின்றது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற விஜய்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று அவள் நம்பினாள். வெட்கம் கெட்ட மனசு, அதற்காக ஏங்கவும் செய்தது.

"அக்கா, அம்மா பங்குல எனக்குப் பாதி உண்டு. ஜெயிலுக்குள்ள ஒரு வக்கீல்ட்ட கேட்டுட்டேன். அம்மாவ நான் ஒண்ணும் செய்யலல்லா."

அவன் சொன்னது சரி. கொல்லப்பட்டவருடைய சொத்துக்கு மட்டும்தான் அவன் செத்தவன். அம்மாவுக்கு அவன் உயிரோடு இருக்கிற பிள்ளை. ரத்தம் கெட்டது என்று சொல்ல இந்த ஊர்ச் சட்டத்தில் வார்த்தை கிடையாது. அப்பா செத்து விழுந்த வரப்பிலேயே நாளைக்குப் பிளாட்டுக்கு அளவுக்கல் நடுவார்கள்.

"நேரமாகுது, நடங்க" என்றார் ஏட்டையா. பாடை நகர்ந்தது.

அடுத்த வீட்டு மாரித்தாய் அவள் தோளைத் தொட்டாள். "வா தாயி, பிணம் போன வீட்டக் கழுவி விடணும். மகதான செய்யணும்."

அது ஒன்றை மட்டும் யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. ஸ்ரீதேவி முந்தானை அரிசியை முற்றத்தில் உதறிவிட்டு, வாளியையும் விளக்குமாற்றையும் எடுத்தாள்.