மல்லாட்டை மில் வீடு

வேங்கடேசன் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்தில் இவருடைய தாத்தா மல்லாட்டை மில் வைத்து, வேர்க்கடலை உடைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு. ஞாயிற்றுக்கிழமை நான் நடத்தும் பழைய வீடுகள் உலாவில் இதைச் சுற்றிப் பார்க்க ஒரு கூட்டமே பெயர் கொடுத்திருக்கிறது. இவர் சரி என்றால்தான் உண்டு.

"வீட்டப் பத்தி மட்டும் பேசும்மா. கூலி, ஸ்ட்ரைக்குன்னு பழைய வம்ப இழுத்த, பேஜாரா பூடும்."

"ஐயோ இல்லீங்க சார். தூணு, கண்ணாடி, தரை, அவ்ளோதாங்க."

பின்னால் நின்ற அம்மாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகும்வரை இந்த மில்லில் பருப்பு பொறுக்கியவள். வேலை முடிந்ததும் பெண்கள் பின்கேட்டில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு பருப்பு விழுந்தாலும் அன்றைய கூலி போச்சு. "முன்வாசல் வழியா ஒரே ஒரு தபா போவணும் ரோஜா. வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் வந்திருந்தாள்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?" கதவைத் தள்ளித் திறந்துகொண்டே கேட்டார் வேங்கடேசன்.

"திருவாமாத்தூருங்க" என்றேன்.

"அங்கேந்து நம்ம மில்லுக்கு நெறைய பொம்பளைங்க வருவாங்க."

"வருவாங்களாம்" என்றாள் அம்மா.

கூடத்து அலமாரியில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாக இருந்தன. "எல்லாம் எண்ணி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். நானும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன். மாடியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"ஒங்கம்மா எங்க?"

தடதடவென்று இறங்கினோம். அம்மா கூடத்துப் பின்ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே கூரை இல்லாத மில்லுக்குள் சீமைக்கருவேலம் வளர்ந்திருந்தது. வேங்கடேசன் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வா" என்றார்.

குதிக்க வேண்டும் போலிருந்தது. செருப்பைத் தேடினேன்.

அம்மா முன்வாசல் படியில் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். மடியை விரித்து இரண்டு முறை பட்டென்று உதறினாள்.

அதன் பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. சேலை கையிலேயே நின்றுவிட்டது.

வேங்கடேசனின் கண் தரைக்குப் போனது, ஒவ்வொரு படியாகத் தேடியது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கண்ணும் தரையில்தான் இருந்தது.

படியில் வெயிலும், அம்மாவின் வெறுங்காலும் மட்டும்.